கடைசிப் பக்கம் வரை கேட்க வேண்டும்

2020 அக்டோபர் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு தவறை வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கொரோனா தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டிருந்தனர். பரிசோதனைக் கூடங்கள் தகவலை அனுப்பத்தான் செய்தன. அதை வாங்கி ஒன்றுசேர்த்த இடத்தில் எக்ஸெல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பு பயன்பட்டது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மீதி வரிகள் கோப்புக்குள் ஏறவேயில்லை. தொற்று வந்தவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்துவிட்டது. ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டிய குழுவின் கைக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் போய்ச்சேரவில்லை.

இந்தச் சம்பவத்தில் எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தவருக்கு வரிசையாக, ஒழுங்காக, ஒரு பட்டியல் தெரிந்தது. குறைப் பட்டியலுக்கும் முழுப் பட்டியலுக்கும் தோற்றத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. இருக்கிற வரிகள் எல்லாம் சரியானவை. இல்லாத வரிகளைக் கண்ணால் பார்க்க முடியாது. தரவு சார்ந்த பிழைகளில் இது மிக ஆபத்தான வகை.

இதே ஆபத்து கிளவுட் சேவைகளோடு பேசும் நிரல்களுக்குள் அன்றாடம் காத்திருக்கிறது. ‘என் கோப்புகளின் பட்டியலைக் கொடு’, ‘என் சர்வர்களைக் காட்டு’, ‘இந்தக் கணக்கில் உள்ள பயனர்கள் யார் யார்?’ என்று நிரல்கள் ஏபிஐ வழியாக, அதாவது நிரலும் சேவையும் பேசிக்கொள்ளும் இடைமுகம் வழியாக, கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சேவையும் பதில் சொல்கிறது. ஆனால், பெரும்பாலும் அது முழுப் பதில் அல்ல, முதல் பக்கம். அடுத்த பக்கத்தைக் கேட்பது கேட்பவரின் பொறுப்பு. கேட்கத் தவறினால், கிடைத்ததே எல்லாம் என்ற நம்பிக்கையில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

ஏன் பக்கம் பக்கமாக?

அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை 2006 மார்ச்சில் தொடங்கியது. 2021இல் அதில் 100 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருப்பதாக அமேசான் அறிவித்தது. ஒரே வாடிக்கையாளரின் ஒரே பக்கெட்டில், அதாவது கோப்புகளைப் போட்டுவைக்கும் ஒரே தொகுதியில், கோடிக்கணக்கான கோப்புகள் இருப்பது சாதாரணம். அவ்வளவு பெயர்களையும் ஒரே பதிலில் கொடுக்க வேண்டுமென்றால், சர்வர் அவற்றையெல்லாம் திரட்டி நினைவகத்தில் வைத்து, நெட்வொர்க் இணைப்பை நெடுநேரம் பிடித்துக்கொண்டு அனுப்ப வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் மொத்தமும் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் கேட்ட பெரிய பட்டியலுக்காக, அதே சர்வரைப் பயன்படுத்தும் மற்றவர்கள் காத்திருக்கவும் நேரும்.

எனவே பெரும்பாலான சேவைகள் ஒரு பதிலுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. எஸ்3 ஒரு முறைக்கு 1,000 பெயர்கள் வரை தரும். மைக்ரோசாஃப்ட் அஸூரின் பிளாப் சேமிப்பு 5,000 வரை தரும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், கேட்பவர் எண்ணிக்கை சொல்லாவிட்டால் பெரும்பாலான பட்டியல்களில் 30 தரும். கேட்டாலும் 100க்கு மேல் போகாது. அமேசானின் டைனமோடிபி தரவுத்தளம் எண்ணிக்கையை வைத்து வெட்டுவதில்லை. அளவை வைத்து வெட்டுகிறது. ஒரு கோரிக்கைக்கு 1 எம்பி அளவுக்குப் பதிவுகளைப் படித்ததும் நிறுத்திவிடும்.

இந்த வரம்புகள் நியாயமானவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிரலை எழுதிச் சோதிக்கும்போது கணக்கில் நாற்பது கோப்புகள்தான் இருக்கும். முதல் பக்கமே முழுப் பட்டியல். சோதனை வெற்றி. நிரல் பயன்பாட்டுக்குப் போகிறது. ஆண்டுக்கணக்கில் சரியாகவே ஓடுகிறது. நிறுவனம் வளர்ந்து 1,001ஆவது கோப்பு வந்த அன்று நிரல் பொய் சொல்லத் தொடங்குகிறது. அன்று யாரும் அந்த நிரலைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால் யாருக்கும் அதன்மேல் சந்தேகமும் எழாது.

எண்ணிப் பார்த்துத் தாவும் முறை

அடுத்த பக்கத்தை எப்படிக் கேட்பது? பழைய, எளிய வழி எண்ணிக்கையைச் சொல்வது: ‘முதல் 100ஐ விட்டுவிட்டு அடுத்த 100ஐக் கொடு.’ தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் இதற்கு ஆஃப்செட் என்று பெயர். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று எண் போட்டுக் கேட்கும் ஏபிஐகள் பலவற்றின் உள்ளேயும் இதுதான் நடக்கிறது.

இதன் முதல் குறை உழைப்பு. 99,900 வரிகளை விட்டுவிட்டு அடுத்த 100 வரிகளைக் கொடு என்றால், தரவுத்தளம் அந்த 99,900 வரிகளையும் ஒன்றொன்றாகக் கடந்துதான் அங்கே போய்ச்சேர முடியும். கடந்ததை எல்லாம் வீசிவிட்டு 100 வரிகளைத் தருகிறது. பக்கம் ஆழமாக ஆக, ஒவ்வொரு கோரிக்கையும் முந்தையதைவிட மெதுவாகும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரம் இந்த வழியில் 10,000 முடிவுகளுக்கு அப்பால் போகவே இயல்பாக அனுமதிப்பதில்லை. அதற்கும் ஆழமான முடிவுகள் வேண்டுமென்றால் வேறு வழியில் கேட்கச் சொல்கிறது.

இரண்டாம் குறை இன்னும் மோசமானது. நாம் பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மாறும். முதல் 100 பதிவுகளை வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறில் 10 பதிவுகளை வேறு யாரோ அழித்துவிடுகிறார்கள். பின்னால் இருந்தவை எல்லாம் பத்து இடம் முன்னே நகர்கின்றன. முன்பு 101 முதல் 110 வரை இருந்தவை இப்போது 91 முதல் 100 வரை வந்துவிட்டன. நாமோ 100ஐ விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கிறோம். அந்தப் பத்தும் எந்தப் பக்கத்திலும் வராமலே போய்விடுகின்றன. மாறாக, முன்பகுதியில் 10 புதிய பதிவுகள் சேர்ந்தால், ஏற்கெனவே வாங்கிய பத்து மறுபடியும் வரும்.

அழிப்பவர் வேறு யாராகவும் இருக்க வேண்டியதில்லை. பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் நிரலே தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொள்ளும். 400 பதிவுகள் இருக்கின்றன. நிரல் முதல் பக்கத்தின் 100ஐ வாங்கி அழிக்கிறது. மிச்சம் 300. இரண்டாம் பக்கத்தைக் கேட்கிறது. முன்பு 201 முதல் 300 வரை இருந்தவை இப்போது அந்த இடத்தில் நிற்கின்றன, அவற்றை அழிக்கிறது. மூன்றாம் பக்கத்தைக் கேட்கும்போது மிச்சமிருப்பது 200தான். 200ஐ விட்டுவிட்டு அடுத்தது என்றால் எதுவும் இல்லை. வேலை முடிந்தது என்று நிரல் நின்றுவிடுகிறது. மொத்தத்தில் சரிபாதி அப்படியே இருக்கிறது.

யாருக்குப் பின்னால்?

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது சற்று விலகிப் போக வேண்டியிருந்தால், ‘நான் முப்பத்தேழாவது ஆள்’ என்று யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. முன்னால் நிற்பவரிடம், ‘உங்களுக்குப் பின்னாடி நான்’ என்றுதான் சொல்கிறோம். முன்னால் எத்தனை பேர் நகர்ந்தாலும், எத்தனை பேர் கலைந்தாலும் நம் இடம் கெடுவதில்லை. கிளவுட் சேவைகளில் பல இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டன. கடைசியாகக் கிடைத்த பதிவு எது என்று சொன்னால், அதற்குப் பின்னால் இருப்பவற்றைத் தருகின்றன.

எஸ்3இன் பட்டியல் கோப்புப் பெயர்களின் எழுத்துக்குறி வரிசையில் வரும். தொடக்க கால ஏபிஐயில், கடைசியாக வந்த பெயரை ‘மார்க்கர்’ என்று திருப்பி அனுப்பினால் அதற்குப் பிந்தைய பெயர்கள் வரும். சர்வர் எதையும் எண்ணித் தாண்ட வேண்டியதில்லை. வரிசைப்படுத்திய அட்டவணையில் அந்தப் பெயர் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். பத்தாயிரமாவது பக்கமும் முதல் பக்கத்தின் வேகத்திலேயே கிடைக்கும். ஏற்கெனவே கடந்த பகுதியில் என்ன அழிந்தாலும், என்ன சேர்ந்தாலும், மீதிப் பகுதி பாதிக்கப்படாது.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வரிசையில் ஒவ்வொன்றின் இடமும் தனித்தன்மையோடு இருக்க வேண்டும். நேரத்தை வைத்து வரிசைப்படுத்திய பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே நொடியில் பதிவான மூன்று வரிகளில், முதலாவது ஒரு பக்கத்தின் கடைசி வரியாக அமைந்துவிட்டது. ‘இந்த நேரத்துக்குப் பிந்தியவை’ என்று அடுத்து கேட்டால் மற்ற இரண்டும் விடுபடும். ‘இந்த நேரமும் அதற்குப் பிந்தியவையும்’ என்று கேட்டால் முதலாவது இரண்டு முறை வரும். நேரத்தோடு, ஒருபோதும் மீண்டும் வராத ஓர் அடையாள எண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்தினால்தான் இது தீரும். சொந்தமாக ஏபிஐ எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

மூடிய டோக்கன்

மூன்றாவது வழி இன்று பரவலானது. ஒவ்வொரு பக்கத்தோடும் சர்வர் ஒரு டோக்கனைத் தருகிறது. பார்ப்பதற்குப் பொருளற்ற எழுத்துக் குவியல். அடுத்த பக்கம் வேண்டுமானால் அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். எஸ்3 பட்டியலின் இரண்டாம் பதிப்பு, அமேசானின் வாடகைச் சர்வர் சேவையான இசி2இன் பட்டியல், கூகுள் கிளவுட், பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் எல்லாம் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. அஸூரின் பல சேவைகள் டோக்கனுக்குப் பதிலாக, அடுத்த பக்கத்தின் முழு முகவரியையே தந்துவிடுகின்றன. கருத்து ஒன்றுதான். கிளவுட் பரவுவதற்கு முன்பே இந்தக் கருத்து இருந்தது: நூலகங்களும் ஆய்வேட்டுக் களஞ்சியங்களும் தங்கள் நூற்பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ள 2001இல் வந்த ஓஏஐ-பிஎம்ஹெச் நெறிமுறையிலேயே தொடர்வதற்கான டோக்கன் உண்டு.

டோக்கனை ஏன் புரியாத எழுத்தாகக் கொடுக்கிறார்கள்? உள்ளே இருப்பது கடைசிப் பெயராக இருக்கலாம், தரவு வைக்கப்பட்டிருக்கும் பிரிவின் எண்ணாக இருக்கலாம், நேரக் குறியாக இருக்கலாம். பயனர்கள் அதைப் பிரித்துப் படித்து, அதை நம்பி நிரல் எழுதிவிட்டால், சேவையை நடத்துபவர்கள் உள் அமைப்பை மாற்றவே முடியாது. அதனால்தான் கூகுளின் ஏபிஐ வடிவமைப்பு விதிகள், டோக்கனைப் பயனர் பிரித்துப் படிக்க முடியாதபடி அமைக்கச் சொல்கின்றன. பயன்படுத்துபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: டோக்கனை உடைக்காதீர்கள், நீங்களாக உருவாக்காதீர்கள். எந்தத் தேடல் நிபந்தனையோடு டோக்கனைப் பெற்றீர்களோ, அதே நிபந்தனையோடு அதைத் திருப்பிக் கொடுங்கள்.

டோக்கனுக்கு ஆயுளும் உண்டு. அமேசானின் கிளவுட்வாட்ச் பதிவுச் சேவையில் அது 24 மணி நேரம். குபர்னெட்டிஸில் சில நிமிடங்கள்தான். அதன் காரணம் சுவையானது. குபர்னெட்டிஸ் தன் தகவல்களை வைத்திருக்கும் இடிசிடி தரவுத்தளம், பழைய நிலைகளையும் சிறிது காலம் காப்பாற்றி வைத்திருக்கும். முதல் பக்கம் கேட்ட கணத்தில் இருந்த நிலையையே மற்ற எல்லாப் பக்கங்களுக்கும் காட்ட அதனால் முடிகிறது. நடுவில் எது மாறினாலும் பட்டியல் ஒரே கணத்தின் படமாக இருக்கும். ஆனால், பழைய நிலைகள் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுருக்கப்படுகின்றன. அதற்குப் பிறகு பழைய டோக்கனோடு வந்தால், 410 என்ற எண்ணோடு ‘காலாவதியாகிவிட்டது’ என்ற பதில் வரும். பெரும்பாலும் பட்டியலை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். தொல்லை போலத் தெரிந்தாலும் இது நேர்மையான ஏற்பாடு. முழுமை உடைந்துவிட்டது என்பதை அது சத்தமாகச் சொல்கிறது.

எஸ்3இல் அப்படி ஒரு கணத்தின் படம் கிடைக்காது. பட்டியலின் நடுவில் இருக்கும்போது, ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்தில் ஒரு புதிய கோப்பு வந்தால் அது நம் பட்டியலில் இருக்காது. இனி வரப்போகும் இடத்தில் வந்தால் இருக்கும். 2020 டிசம்பருக்கு முன்பு நிலைமை இன்னும் தளர்வாக இருந்தது: எழுதி முடித்த கோப்புகூட உடனே பட்டியலில் தோன்றும் என்ற உறுதி இல்லை. அந்த மாதத்திலிருந்து அந்த உறுதி கிடைத்தது. ஆகவே ‘முழுப் பட்டியல்’ என்று சொல்லும்போது, எந்த நேரத்தின் முழுமை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முடிவு எங்கே?

எப்போது நிறுத்துவது? இந்தக் கட்டுரையின் மையமான கேள்வி இதுதான். மனதுக்கு இயல்பாகத் தோன்றும் விடைகள் பல. அவற்றில் பெரும்பாலானவை தவறு.

முதல் தவறான விடை: ‘1,000 கேட்டேன், 640தான் வந்தது. அப்படியானால் இதுவே கடைசிப் பக்கம்.’ அஸூர் பிளாப் சேமிப்பில் பட்டியல் ஒரு பிரிவின் எல்லையைத் தாண்டும்போது, கேட்டதைவிடக் குறைவாகத் தந்துவிட்டு, மீதிக்கான அடையாளத்தையும் கொடுக்கும். அமேசானின் ஐஏஎம் என்ற பயனர் மேலாண்மைச் சேவையும், மேலும் முடிவுகள் இருக்கும்போதே குறைவாகத் தரக்கூடும் என்று தன் ஆவணத்தில் தெளிவாகச் சொல்கிறது. கேட்ட எண்ணிக்கை என்பது மேல் வரம்பு. அதைத் தருவதாகச் சேவை வாக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாவது தவறான விடை: ‘காலிப் பக்கம் வந்தது, எனவே எல்லாம் முடிந்தது.’ டைனமோடிபி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பத்து லட்சம் ஆர்டர்கள் உள்ள ஓர் அட்டவணையில், ரத்தானவற்றை மட்டும் வடிகட்டித் தரச் சொல்கிறோம். தரவுத்தளம் முதலில் 1 எம்பி அளவுக்குப் பதிவுகளைப் படிக்கிறது, பிறகுதான் வடிகட்டுகிறது. ஒரு பதிவு 500 பைட் என்றால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 2,000 பதிவுகள் படிக்கப்படும். அந்த 2,000இல் ஒன்றுகூட ரத்தாகவில்லை என்றால், பதில் காலியாக வரும். கூடவே, கடைசியாகப் படித்த பதிவின் அடையாளமும் வரும். மூன்றாம் பக்கத்திலோ முப்பதாம் பக்கத்திலோ ரத்தான ஆர்டர்கள் இருக்கலாம். காலியைக் கண்டு நின்ற நிரல், ‘ரத்தான ஆர்டரே இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிடும்.

மூன்றாவது தவறான விடை: ‘மொத்தம் இத்தனை என்று சர்வரே சொல்லியிருக்கிறது.’ எலாஸ்டிக்சர்ச்சின் ஏழாம் பதிப்பு முதல், மொத்த எண்ணிக்கை வழக்கமாக 10,000 வரைதான் துல்லியமாக எண்ணப்படுகிறது. அதற்குமேல் போனால், ‘குறைந்தது 10,000’ என்ற குறிப்போடு அதே எண் வரும். எண்ணை மட்டும் பார்த்துக் குறிப்பைப் பார்க்காதவர் ஏமாறுவார்.

சரியான விடை ஒன்றே: முடிந்துவிட்டது என்று சேவை தன் வாயால் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்லும் என்பது ஒவ்வொரு சேவைக்கும் வேறு. எஸ்3, பட்டியல் வெட்டப்பட்டதா இல்லையா என்று ஒரு தனிப் புலத்தில் சொல்கிறது. டைனமோடிபியில் கடைசிப் பதிவின் அடையாளம் வராமல் இருப்பதே முடிவு. கூகுளின் ஏபிஐகளில் அடுத்த பக்கத்தின் டோக்கன் காலியாக இருக்கும். கிட்ஹப், பதிலின் தலைப்பகுதியில் அடுத்த பக்கத்துக்கான இணைப்பைத் தராமல் விட்டுவிடும். கிளவுட்வாட்சில் பதிவு நிகழ்வுகளை வாங்கும் ஒரு ஏபிஐயின் வழக்கம் இன்னும் வேறு. அதில் டோக்கன் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். நாம் கொடுத்த டோக்கனே திரும்பி வந்தால்தான் முடிவு. இந்த வழக்கம் தெரியாமல், ‘டோக்கன் வராதபோது நிறுத்து’ என்று எழுதிய நிரல் முடிவில்லாமல் சுற்றும். காலிப் பக்கத்தைக் கண்டு நின்றால் நடுவிலேயே நிற்கும். பொது விதி ஒன்றை மனப்பாடம் செய்து எல்லாச் சேவைகளுக்கும் பயன்படுத்த வழியில்லை. பயன்படுத்தும் ஒவ்வொரு ஏபிஐக்கும் அதன் ஆவணத்தைப் படித்தே ஆக வேண்டும்.

கழித்தல் கணக்கின் ஆபத்து

குறைப் பட்டியலால் விளையும் சேதம், அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அறிக்கைக்குப் பயன்படுத்தினால் எண் குறையும். பாதுகாப்புத் தணிக்கைக்குப் பயன்படுத்தினால், இணையத்தில் திறந்துகிடக்கும் ஒரு சர்வர் கண்ணில் படாமல் போகும். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றைக் கழிக்கப் பயன்படுத்தும்போதுதான் பேராபத்து.

ஒரு சேமிப்புச் சேவையில் 5,000 புகைப்படங்கள் இருக்கின்றன. எந்தப் படம் யாருடையது என்ற 5,000 பதிவுகள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. உரிமையாளர் இல்லாத படங்களைக் கண்டுபிடித்து அழிக்க ஒரு துப்புரவு நிரல் எழுதப்படுகிறது. புகைப்படப் பட்டியலைப் பக்கம் பக்கமாக முழுமையாக வாங்கியவர், தரவுத்தளப் பட்டியலில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். வந்தவை 2,000 பதிவுகள். கழித்துப் பார்த்தால் 3,000 படங்களுக்கு உரிமையாளர் இல்லை. நிரல் அவற்றை அழிக்கிறது. உண்மையில் அனாதைப் படம் ஒன்றுகூட இல்லை.

எனவே அழிக்கும் வேலையைச் செய்யும் எந்த நிரலும், இரண்டு பட்டியல்களும் கடைசி வரை வந்துசேர்ந்தன என்பதை உறுதிசெய்த பிறகே முதல் கோப்பைத் தொட வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாக அழிக்க நேர்ந்தால், தானாக நின்று மனிதரைக் கேட்க வேண்டும்.

நடுவில் வரும் தடைகள்

பக்கங்களை வேகமாகக் கேட்டுக்கொண்டே போனால், சேவை ‘மெதுவாக வா’ என்று சொல்லும். 429 அல்லது 503 என்ற எண்ணோடு அந்த மறுப்பு வரும். சரியான நடத்தை, சிறிது காத்திருந்து மறுபடி கேட்பது. மறுபடியும் மறுப்பு வந்தால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவது. அந்த நேரத்தோடு சற்று முன்பின்னாக ஒரு தற்செயல் அளவையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்போதுதான் பல நிரல்கள் ஒரே கணத்தில் மீண்டும் வந்து மோதாது.

பல முறை முயன்றும் ஒரு பக்கம் கிடைக்கவில்லை என்றால்? அதுவரை கிடைத்ததைப் பட்டியல் என்று திருப்பிக் கொடுப்பது மிகத் தவறான வழி. ஏழாம் பக்கத்தில் வந்த பிழையை விழுங்கிவிட்டு ஆறு பக்கங்களை ஒப்படைக்கும் நிரல், அந்த ஆறே எல்லாம் என்று கேட்டவரை நம்பவைக்கிறது. அரைகுறைப் பட்டியலைவிடப் பிழைச் செய்தி மேலானது. பிழையைப் பார்த்தால் மனிதர்கள் நின்று யோசிப்பார்கள்.

சேவை நிறுவனங்களே தரும் நிரல் நூலகங்கள் இந்தச் சுற்றைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் வசதியைக் கொண்டிருக்கின்றன. பைத்தானில் அமேசானுக்கான போட்டோ3 நூலகத்தில் அதற்குப் பேஜினேட்டர் என்று பெயர். அந்தச் சேவைக்குப் பேஜினேட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. ஆனால், அதே நூலகத்தில் பட்டியலை நேரடியாகக் கேட்கும் கட்டளையும் உண்டு. அது ஒரே ஒரு பக்கத்தைத்தான் தரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அமேசானின் கட்டளைவரிக் கருவி பக்கங்களை எல்லாம் தானே சேர்த்துத் தரும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எளிய உரை வடிவில் விடை கேட்டால், நாம் கொடுக்கும் வடிகட்டலோ எண்ணுதலோ ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக நடக்கும். 2,347 கோப்புகள் உள்ள பக்கெட்டில் எத்தனை என்று கேட்டால் 1000, 1000, 347 என்று மூன்று விடைகள் வரும். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட், எண்ணிக்கை 1,000 என்று முடிவு செய்துவிடும்.

பக்கங்களுக்கு அப்பால்

எல்லாப் பக்கங்களையும் வாங்கிவிட்டாலும், கேட்ட கேள்வியே குறுகியதாக இருந்தால் விடையும் குறுகியதாகவே இருக்கும். இசி2 சர்வர் பட்டியல் ஒரு வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. மும்பை வட்டாரத்தில் கேட்டால் சிங்கப்பூரில் ஓடும் சர்வர்கள் வராது. எஸ்3இன் வழக்கமான பட்டியலில் கோப்புகளின் பழைய பதிப்புகள் தெரியாது. பாதியில் நின்றுபோன பதிவேற்றங்களும் தெரியாது. இரண்டுமே இடத்தையும் பணத்தையும் விழுங்கிக்கொண்டிருக்கும். அவற்றைக் காணத் தனித்தனி ஏபிஐகள் இருக்கின்றன. கிட்ஹப் தேடலோ, எத்தனை பக்கம் புரட்டினாலும் ஒரு தேடலுக்கு 1,000 முடிவுகளுக்கு மேல் தராது. தேடலை மாதவாரியாகவோ நாள்வாரியாகவோ துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் 1,000க்குள் அடங்கும்படி கேட்க வேண்டும். தேடல் நேரம் போதாமல் நின்றுவிட்டால், முடிவு முழுமையற்றது என்று பதிலிலேயே ஒரு புலம் சொல்லும். அதைப் படிப்பவர்களுக்குத்தான் அது உதவும்.

பட்டியல் மிகப் பெரியதென்றால், இந்த முறையின் இயல்பே தடையாகிவிடும். இரண்டாம் பக்கத்தின் டோக்கன் முதல் பக்கத்தோடுதான் வருகிறது. அதனால் பக்கங்களை ஒரே நேரத்தில் கேட்க முடியாது. 100 கோடி கோப்புகளுக்கு எஸ்3இல் குறைந்தது 10 லட்சம் கோரிக்கைகள் வேண்டும். ஒரு கோரிக்கைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் நொடிகள், அதாவது 27 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கோப்புப் பெயர்களின் முன்னொட்டுகளை வைத்துப் பட்டியலைப் பகுதிகளாகப் பிரித்து இணையாகக் கேட்பது ஒரு வழி. டைனமோடிபி, அட்டவணையை இத்தனை பகுதி என்று பிரித்து இணையாகப் படிக்கும் வசதியைத் தானே தருகிறது. முன்னொட்டுகளால் நாமே பிரிக்கும்போது, பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. உடனடித் தேவை இல்லையென்றால், எஸ்3 தானே நாள்தோறுமோ வாரந்தோறுமோ முழுப் பட்டியலைக் கோப்பாக எழுதிவைக்கும் இன்வென்டரி என்ற வசதியும் உண்டு.

எப்படிச் சோதிப்பது?

நம் நிரல் கடைசிப் பக்கம் வரை போகிறதா என்று அறிய லட்சம் கோப்புகள் தேவையில்லை. பெரும்பாலான ஏபிஐகளில் பக்க அளவைக் குறைக்கலாம். சோதனையின்போது அதை 1 அல்லது 2 என்று வையுங்கள். ஏழு கோப்புகள் இருந்தாலே பல பக்கங்கள் உருவாகும். விடை ஏழாக வர வேண்டும். இசி2 போன்ற சில சேவைகள் ஐந்துக்குக் கீழ் குறைக்க விடாது; அங்கே இன்னும் சில உருப்படிகள் இருந்தால் போதும். நடுவில் ஒரு காலிப் பக்கம் வருவது போலவும், ஒரு பக்கம் பிழையோடு வருவது போலவும் போலிப் பதில்களைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே டோக்கன் திரும்பத் திரும்ப வந்தால் சுற்று நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பயன்பாட்டுக்கு வந்த பிறகு, பட்டியலோடு அது எத்தனை பக்கங்களில் வந்தது, மொத்தம் எத்தனை, முடிவு அறிகுறி கிடைத்ததா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். எண்ணிக்கை சரியாக 30, 100, 1,000, 5,000 என்று வட்டமான எண்ணாக நின்றால் சந்தேகப்படுங்கள். உலகில் உள்ள பொருள்கள் வட்டமான எண்களில் வருவது அரிது. வரம்புகள்தான் வட்டமான எண்களில் இருக்கும்.

ஏபிஐகளை உருவாக்குபவர்களுக்கும் கடமை உண்டு. பத்துப் பதிவுகள் மட்டுமே இருக்கும் முதல் நாளிலேயே பக்கம் பிரிக்கும் வசதியை வையுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சேர்க்கும் அன்று, பழைய நிரல்கள் எல்லாம் முதல் பக்கத்தை முழுப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். கூகுளின் வடிவமைப்பு விதிகளும் இந்தக் காரணத்தைச் சொல்லியே தொடக்கத்திலிருந்து வைக்கச் சொல்கின்றன. மேலும் இருக்கிறதா, முடிந்ததா என்பதை ஊகத்துக்கு விடாமல் ஒவ்வொரு பதிலிலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இன்று மருத்துவமனைப் பதிவுகளும், மாணவர் மதிப்பெண்களும், வங்கிக் கணக்குகளும் இத்தகைய ஏபிஐகள் வழியாகவே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகின்றன. விடுபட்ட ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கக்கூடும். அதனால், பட்டியலைக் கேட்டு வாங்கும் எந்த நிரலையும் ஒப்படைக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘இது முடிந்துவிட்டது என்று சேவை சொன்னதா, அல்லது நாமே முடிவு செய்துகொண்டோமா?’ முதல் விடை கிடைக்கும் வரை அந்தப் பட்டியலை முழுமையானது என்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.